பட்டாசுக் குழாய்க்குள் போன பிரெஞ்சு வினைச்சொற்கள்

எனக்குத் தெரியாத பாஷைகளில்தான் நான் அதிகம் அச்சடித்திருக்கிறேன். இந்தி, வங்காளம், ஒடியா, அரபி. வெடிப்பெட்டி லேபிள், காலண்டர், பிஸ்கட் உறை என்று சிவகாசியிலிருந்து என் தாள் போகாத திசை கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காலால் மிதிக்கிற மெஷினுக்குத் தாள் கொடுக்கும் வேலையில் ஆரம்பித்து, இன்றைக்கு நாலு கலர் ஆஃப்செட் மெஷின் இரண்டை என் ஷெட்டில் நிறுத்தியிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதைப் பெருமையாகத்தான் சொல்ல வேண்டும்.

பாஷை தெரியாமல் எப்படித் தப்பில்லாமல் அடிக்கிறீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. எழுத்து எனக்கு ஓர் உருவம், அவ்வளவுதான். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் அசலை வைத்து, அச்சுத் தாளை அதன்மேல் போடுவேன். ஒரு சுழி கூடினாலும் கண்ணில் குத்திவிடும். எம்.ஏ. படித்தவர்கள் விட்ட பிழையை நான் பிடித்திருக்கிறேன். அவர்கள் வாசிப்பார்கள், நான் பார்ப்பேன்.

என் பிரஸ்ஸில் தாள் வீணாவதும் கிடையாது. ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் தாள் எதுவானாலும் தனியே அடுக்கி வைப்போம். மெஷினில் மை சரியாக விழுகிறதா என்று ஓட்டிப் பார்க்க அது ஆகும். இரண்டு பக்கமும் எழுத்து இருந்தால் மட்டும் வேஸ்ட் மூலைக்குப் போகும். புதன்கிழமை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனால், அது பட்டாசுக் குழாய் சுருட்டப் போய்விடும். இந்தப் பிரிப்பைச் சின்ன வயதிலிருந்து செய்து பழகியதால், தாள் கைக்கு வந்தாலே கட்டைவிரல் தானாகப் புரட்டிப் பார்க்கும். டாக்டர் கொடுக்கும் மருந்துச் சீட்டைக்கூட நான் புரட்டிப் பார்த்துத்தான் பையில் வைப்பேன்.

போன வருஷம் தீபாவளி சீசன் நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு விருதுநகரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பவர். சனிக்கிழமைகளில் வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸ்களுக்கும் வகுப்பு எடுக்கிறார். கையில் ஒரு தடித்த நோட்டு. ஐந்து நீள நோட்டுகளைச் சேர்த்துத் தைத்து, காக்கி அட்டை போட்டிருந்தார். உள்ளே நீல பால்பாயிண்ட் எழுத்து, தலைப்பு மட்டும் சிவப்பில்.

"என்ன புஸ்தகம் டீச்சர்?" என்றேன்.

"பிரெஞ்சு வினைச்சொல் அண்ணாச்சி. ஒரே சொல்லுக்கு ரெண்டு மூணு அர்த்தம் வரும்ல, அதுக மட்டும். எந்த இடத்துல எப்படிப் போடணும்னு எழுதியிருக்கேன்."

"ஒரே சொல்லா? மூணு அர்த்தமா? ஏமாத்து வேலையால்ல இருக்கு."

அவர் சிரித்துவிட்டு நோட்டைத் திறந்தார். 'வொலே' என்றால் பறப்பதாம். திருடுவதும் அதே 'வொலே'தானாம். நான் நம்பவில்லை. அவர் எழுதியிருந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னார்: மல்லாங்கிணற்றுக் காட்டில் மயில் பறக்கிறது, மயில் நிலக்கடலையைத் திருடுகிறது. அடுத்தது 'லுவே'. வீட்டை வாடகைக்கு விட்டாலும் அந்தச் சொல், வாடகைக்கு எடுத்தாலும் அந்தச் சொல், ஒருவரைப் புகழ்ந்தாலும் அந்தச் சொல். எனக்குத் தலை சுற்றியது. வாடகைக்கு விடுகிறவனும் எடுக்கிறவனும் ஒரே சொல்லைச் சொன்னால் அந்த ஊரில் பத்திரம் எப்படி எழுதுவார்கள்?

"சொல்லத் தனியாப் பாக்கக் கூடாது அண்ணாச்சி. கூட எது வருதுன்னு பாக்கணும். வீடு வந்தா வாடகை. கடவுள் வந்தா புகழ்ச்சி."

"அது அந்த ஊர்க் கோளாறு டீச்சர். நம்ம பாஷையில அப்படி வராது."

"வராதா? நீங்க அச்சு அடிக்கீக. செவுத்துக்குப் பெயிண்ட் அடிக்கீக. வெளிய வெயில் அடிக்கி. பரீட்சையில பயலுக காப்பி அடிக்கானுக. நேந்துக்கிட்டு மொட்டை அடிக்கோம். இதுல எது நெசமான அடி?"

எழுபது வருஷமாகப் பேசுகிற வாய் இது. இந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவர் விடாமல் இன்னொரு பக்கத்தைப் புரட்டி, 'தீரே' என்ற சொல்லைக் காட்டினார். கயிறு இழுப்பதற்கும் அது, துப்பாக்கி சுடுவதற்கும் அது, வாணவேடிக்கை விடுவதற்கும் அது. புத்தகம் இத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்று சொல்லவும் அதுவே.

"அச்சும் வெடியும் ஒரே சொல்லா?" என்றேன். "அப்ப இது சிவகாசிக்காரன் கண்டுபிடிச்ச பாஷையால்ல இருக்கணும்."

வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் பாலாடைக்கட்டியும் பூமிக்கடியில் ஓடும் ரயிலும்தான் இருக்கும், அதை வைத்து நம் பிள்ளைகளுக்கு எதுவும் பதியவில்லை என்றார் டீச்சர். அதனால் இருபத்திரண்டு வருஷமாக, வகுப்பில் பிள்ளைகள் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்தி இதில் எழுதி வந்திருக்கிறார். சாத்தூர் பஸ்ஸைப் பிடிப்பது, எண்ணெய் பரோட்டா சாப்பிடுவது, ஆலங்குளம் சிமெண்ட் லாரிக்கு வழிவிடுவது, எல்லாம் அதில் பிரெஞ்சில் இருந்தது.

"என் மூளையில இருந்து எழுதுனது இல்ல அண்ணாச்சி. பிள்ளைக வாயில இருந்து வந்தது. திரும்ப எழுதச் சொன்னா என்னால முடியாது. இருக்கது இது ஒண்ணுதான். பஸ் ஸ்டாண்டுல ஜெராக்ஸ் கடை தெறந்திருந்துச்சு. எடுத்துட்டு வரவா?"

இதற்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "ஜெராக்ஸா? இந்தப் பிரஸ்ஸுக்குள்ள வந்த எழுத்து ஒண்ணு தொலஞ்சதுன்னு ஊருக்குள்ள ஒரு ஆளச் சொல்லச் சொல்லுங்க டீச்சர். வச்சிட்டுப் போங்க. நர்ஸ் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்ன புஸ்தகம் கையில இருக்கும்."

அவர் நோட்டை என் மேஜையில் வைத்தார். கையை எடுக்க ஒரு நொடி கூடுதலாக ஆனது. அதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை நோட்டைக் கட்டிங் மெஷினில் வைத்து முதுகுத் தையலை வெட்டினேன். இதுவும் எங்கள் வழக்கம்தான். தைத்த நோட்டாக இருந்தால் விரித்து வைத்து டைப் அடிக்க முடியாது. உதிரித் தாளாக்கிவிட்டால் வேலை ஓடும். டீச்சரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. தையல்காரன் துணியை வெட்டுவதற்குக் கேட்கிறானா? முன்பாதியை டைப் அடிக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். பின்பாதியை அப்புறம் கொடுக்கலாம் என்று என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். அதற்குள் லேபிள் ஆர்டர்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்துவிட்டார்கள். சீசன் என்றால் சாப்பிடக்கூட உட்கார மாட்டேன்.

சனிக்கிழமை மதியம் டீச்சர் புரூஃப் பார்க்க வந்தார். டைப் அடிக்கும் பெண் முன்பாதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பின்னாடி உள்ளது இன்னும் எங்கிட்ட வரல தாத்தா" என்றாள்.

மேஜை மேல் பார்த்தேன். இல்லை. இழுப்பறையில் இல்லை. கட்டிங் மெஷின் அடியில் குனிந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை. அதுவரைக்கும் நான் நிதானமாகத்தான் இருந்தேன். நிமிர்ந்தபோது, மேஜை ஓரத்தில் கிடந்த காக்கி அட்டையை டீச்சர் கையில் எடுத்திருந்தார். வெறும் அட்டை. அதன் முதுகில் வெட்டின விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோட்ட வெட்டிட்டீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நான் செய்த அடுத்த காரியம், என் ஃபோர்மேனைக் கூப்பிட்டதுதான். மல்லாங்கிணற்றுப் பக்கத்து ஆள். முப்பது வருஷமாக என்னிடம் இருக்கிறார். தலை நரைத்தவர். அவரை அதுவரை நான் மரியாதை குறைத்துப் பேசியதில்லை.

"ஏலே, டீச்சர் நோட்டுல பின்பாதிய எங்கலே தூக்கிப் போட்ட?"

மெஷின் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நான் தொடல முதலாளி."

"தொடாம அதுக்குக் கால் மொளச்சுருச்சாக்கும்."

"வெட்டுனது நீங்க. ரெண்டாப் பிரிச்சது நீங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"அப்பப் பழிய எம்மேல போடுத. இம்புட்டு வருஷம் சோறு போட்டதுக்கு."

"சோறு நீங்க போடல முதலாளி. நான் வேல பாத்தேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மை டப்பா காணாமல் போகிறது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் கேமரா மாட்டியிருந்தேன். அதைப் போட்டுக் காட்டச் சொல்லி டைப் அடிக்கும் பெண்ணிடம் சொன்னேன். டீச்சரைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஃபோர்மேனைப் பின்னால் நிற்க வைத்தேன். யார் என்று ஊர் பார்க்கட்டும் என்றேன். இந்த வார்த்தையைச் சொன்னவன் நான்தான்.

திங்கட்கிழமை ஓடியது. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வழுக்கைத் தலை திரையில் வந்தது. கேமரா மேலே இருப்பதால் தலைதான் முதலில் தெரிந்தது. யாரோ கிழவன் என்று நினைத்தேன். அந்த ஆள் ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மேஜையில் இருந்த தாள்கட்டைத் தூக்கினான். கட்டைவிரல் மேல்தாளைப் புரட்டியது. பின்பக்கமும் எழுத்து. அடுத்த தாள், பின்பக்கமும் எழுத்து. திரும்பிப் பார்க்காமல் கட்டை வேஸ்ட் மூலைக்கு எறிந்தான். போனில் பேசிக்கொண்டே நடந்து கேமராவைக் கடந்து போனான். அப்போதுதான் முகம் தெரிந்தது.

என் தலைக்கு நடுவில் அவ்வளவு பெரிய வழுக்கை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் மனதில் ஓடியது அதுதான். மனுஷ மனம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது பாருங்கள்.

டைப் அடிக்கும் பெண் அறியாமல் இன்னொரு தடவை ஓட்டிவிட்டாள். மறுபடியும் நான் எறிந்தேன்.

டீச்சர் தாள் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது எப்படி என்று பிறகுதான் விளங்கியது. முன்பாதியை ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறார். வாக்கியங்கள் பெருகப் பெருக நோட்டு தீர்ந்துவிடும் என்று பின்பாதியில் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார். என் விரலுக்கு அந்த வித்தியாசம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சா லேபிளா என்று அது கேட்கவில்லை.

"வேஸ்ட் வண்டி புதன்கிழமை வந்துட்டுப் போயிருச்சு," என்றார் ஃபோர்மேன். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. "அந்த லோடு வெம்பக்கோட்டைப் பக்கம் போகும். இப்பக் கெளம்புனா பிடிக்கலாம்."

நாங்கள் மூவரும் காரில் கிளம்பினோம். நானும் டீச்சரும் ஃபோர்மேனும். டீச்சர் மடியில் காக்கி அட்டை இருந்தது.

வேஸ்ட் பேப்பர்க்காரர், "நோட்டுத் தாளா? அளவுக்குப் பாதியா வெட்டிக் குடுத்துட்டேனே அண்ணாச்சி" என்றார். அதைக் கேட்டதும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கொடுத்தது ஒரே ஊருக்குத்தான் என்பது ஒன்றுதான் ஆறுதல். வெம்பக்கோட்டை அணைக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமம்.

அங்கே ஒரு வேப்பமரத்தடியில் பாய் விரித்து ஏழெட்டுப் பெண்கள் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கம்பியில் தாளைச் சுற்றி, ஓரத்தில் மைதாப் பசை தடவி, உருவி எறிகிற வேலை. வெடிமருந்து அங்கே வராது, வெறும் தாள்தான். அருகே சுருட்டிய குழாய்கள் கூடை கூடையாக இருந்தன. ஒரு குழாயை எடுத்து வெயிலில் பிடித்தேன். நீல எழுத்து. ஓரத்தில் ஒரு துளி சிவப்பு.

"அக்கா, இந்தத் தாளெல்லாம் எம்புட்டு சுருட்டிட்டீக?" என்று ஃபோர்மேன் கேட்டார்.

"அழகான கையெழுத்தா இருந்துச்சே, அதா? அதத்தான் மொதல்ல சுருட்டுனோம். தாளு நல்ல தாளு." அவர்களில் மூத்தவர் சொன்னார். "ஏன், எதும் பத்திரமா?"

டீச்சர் அவர் பக்கத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்தார். "பத்திரம் இல்லக்கா. இருபத்திரண்டு வருஷம் நான் எழுதுனது. பாடம். வேற காப்பி இல்ல."

அந்த அம்மாள் கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தார். மற்றவர்கள் கையும் நின்றது. கூலி வேலையில் கை நிற்பது லேசில் நடக்காது.

"யாரு வேஸ்ட்ல போட்டது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

ஃபோர்மேன் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் அட்டையைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நான்தான்."

"நல்ல காரியம் பண்ணுனீக போங்க," என்றாள் அவள். "நிக்காதீக. தண்ணி கொண்டாங்க. மைதாதான், நனச்சா விடும்."

அன்று இருட்டும் வரையிலும், மறுநாள் ஞாயிறு பூசைக்குப் பிறகு பொழுது சாயும் வரையிலும் அந்த மரத்தடியில் உட்கார்ந்து குழாய்களைப் பிரித்தோம். பால்பாயிண்ட் மை என்பதால் நனைந்தாலும் எழுத்து ஓடவில்லை. மைப்பேனாவில் எழுதியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். பிரித்த துண்டுகளைக் கயிறு கட்டிக் காயப் போட்டோம். துணி காய்கிற மாதிரி பிரெஞ்சு காய்ந்தது.

"அண்ணாச்சி பாயில ஒக்காந்து அம்பது வருஷம் இருக்கும்போல," என்று ஒருத்தி என் காலைப் பார்த்துச் சொன்னாள். "மடக்கத் தெரியலையே."

"விடுடி. தண்டனைன்னா அப்படித்தான்," என்றாள் இன்னொருத்தி.

ஒவ்வொரு தாளும் பாதியாக வெட்டப்பட்டிருந்ததால் மேல்பாதிக்குக் கீழ்பாதி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். டீச்சர் வாசித்து வாசித்துத் தேடினார். ஒன்றைச் சேர்க்கவே வெகுநேரம் ஆனது. நான் வாசிக்கவில்லை. வெட்டு எழுத்தின் நடுவில் போயிருந்தால் மேல்துண்டில் பாதிச் சுழி, கீழ்த்துண்டில் பாதிச் சுழி இருக்கும். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று முடியளவு பிசகாமல் விழ வைத்துப் பழகிய கண் இது. எடுத்து வைத்தேன், பொருந்தியது. அடுத்ததும் பொருந்தியது. அந்தப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என்னை மன்னித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேலி கொஞ்சம் குறைந்தது.

சேர்ந்த தாளை டீச்சரிடம் நீட்டுவேன். அவர் உரக்கச் சொல்வார். 'பாஸே'. சாத்தூர் வழியாகப் போனாலும் அது, நேரத்தைக் கழித்தாலும் அது. பரீட்சை எழுதினாலும் அதுதான். எழுதினால் போதும், தேறினான் என்று ஆகிவிடாது. நர்ஸ் பிள்ளைகள் எல்லாம் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்றார். 'பிராந்த்ர்'. பஸ்ஸைப் பிடிப்பதும் காப்பி குடிப்பதும் மருந்து சாப்பிடுவதும் அது. தலைப்புச் சொல்லின் உருவம் எனக்குப் பழகிவிட்டது. ஞாயிறு மாலைக்குள், எந்தத் தலைப்பின் கீழ் எந்தத் துண்டு வரும் என்று டீச்சர் சொல்வதற்கு முன்பே எடுத்து வைத்தேன். ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாமல் பிரெஞ்சுப் புத்தகத்தை அடுக்கியவன் இந்த மாவட்டத்தில் வேறு ஆள் இருந்தால் காட்டுங்கள்.

ஆனாலும் நாலு தாள் வரவில்லை. கூடையெல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று. முதல் நாள் சுருட்டிய ஒரு கூடை வெள்ளிக்கிழமையே கம்பெனிக்குப் போய்விட்டது என்று மூத்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்றோம். போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் கேட் பக்கமே போக முடியும். மேற்பார்வையாளர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீங்க சொன்ன குழாய் இருக்கு அண்ணாச்சி. நீல எழுத்து. ஆனா மருந்து அடச்சுத் திரியும் வச்சாச்சு."

"அதப் பிரிச்சு..." என்றேன்.

"மருந்து அடச்சதப் பிரிக்க யாருக்கும் உரிமை கெடையாது. முதலாளி சொன்னாலும் நான் செய்ய மாட்டேன். நாலு தாளுக்கு நாலு உசுரக் கேக்காதீக." பிறகு டீச்சரைப் பார்த்து, கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார்: "படிக்கணும்னா இனிமே திரியப் பத்தவச்சுத்தான் படிக்கணும் டீச்சர்."

அந்த ஆள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் நான் அச்சடித்த லேபிளை ஒட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வருஷத்துப் பிள்ளைகளின் பேச்சு எங்கேயோ ஒரு தெருவில் வெடிக்கப் போகிறது. அதைத் தூக்கிக் கொடுத்தவன் நான். டீச்சர் அழுவார் என்று நினைத்தேன். அவர் கம்பிக் கேட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எந்த நாலுன்னு பாத்துக்கிடுவோம்" என்றார்.

போனது இரண்டு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள். ஒன்று 'மான்க்கே'. பஸ்ஸைத் தவறவிடுவதற்கும், உப்புப் போதாமல் போவதற்கும், ஒருவரை நினைத்து ஏங்குவதற்கும் வரும் சொல்லாம். மற்றது 'அவ்வார்', அதாவது வைத்திருப்பது.

"வெளக்கத்த நான் எழுதிருவேன் அண்ணாச்சி. வாக்கியம்தான் போச்சு. பிள்ளைக சொன்னது எனக்கு ஞாபகத்துல இல்ல."

அப்படியே திரும்பி விருதுநகருக்குப் போகாமல், மறுபடியும் வேப்பமரத்தடிக்குப் போகச் சொன்னார். கார் நின்றதும் இறங்கிப் பாயில் உட்கார்ந்து, பையிலிருந்து புது நோட்டு எடுத்தார். "எனக்கு வாக்கியம் வேணும்க்கா" என்று மூத்த அம்மாளிடம் சொன்னார். அந்தச் சொல்லை விளக்கினார். ஒருவரை நினைத்து ஏங்குவதைப் பிரெஞ்சில் சொல்லும்போது, ஏங்குகிறவர் முன்னால் வருவதில்லை. இல்லாத ஆள்தான் முன்னால் வருவார். 'நீ எனக்குக் குறைகிறாய்' என்கிற மாதிரி இருக்கும் என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. என்னை முதலில் திட்டினாளே, அவள்தான்.

"எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல இருக்காரு," என்றாள், கம்பியில் தாளைச் சுற்றிக்கொண்டே. "வீட்டுல எண்ணெ இருக்கு, அரிசி இருக்கு. அவருதான் கொறையிறாரு. இப்படிச் சொல்லலாமா டீச்சர்?"

டீச்சர் அதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். அவர் கை வேகத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

'அவ்வார்' வந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் வயதையும் பசியையும் பயத்தையும் வைத்திருப்பார்கள், தப்பையும் சரியையும்கூட வைத்திருப்பார்கள் என்றார் டீச்சர். ஒவ்வொருத்தியாக வாக்கியம் சொன்னாள். எனக்கு முப்பத்தாறு வயது இருக்கிறது. என் மகனுக்கு எப்போதும் பசி இருக்கிறது. இடி இடித்தால் எங்களுக்குப் பயம் இருக்கிறது. பட்டாசு ஊரில் அது சும்மா சொல்கிற வாக்கியம் இல்லை.

"தப்புக்கு ஒண்ணு வேணும்," என்று டீச்சர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அவர் என்னைக் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. ஃபோர்மேன் தள்ளி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் குனிந்து, அவருக்குக் கேட்காத குரலில் ஒரு வாக்கியம் சொன்னேன். டீச்சர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

புத்தகம் தீபாவளிக்கு முன்னால் மெஷின் ஏறியது. மூன்று லேபிள் ஆர்டர்களைத் தள்ளி வைத்துவிட்டு இதை ஏற்றினேன். அவர்கள் கத்தினார்கள், கத்தட்டும் என்று விட்டேன். வெட்டிய தாள்களையெல்லாம் டீச்சரே பொருத்தி ஒட்டி, பழைய காக்கி அட்டைக்குள் வைத்து எடுத்துப் போய்விட்டார். இந்த முறை முதலில் ஜெராக்ஸ் எடுத்து, அதைத்தான் டைப் அடிக்கக் கொடுத்தார்.

'அவ்வார்' பக்கம் அச்சாகி வந்ததும், முதல் தாளை நானே எடுத்துக்கொண்டு ஃபோர்மேனிடம் போனேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று வாரமாக வேலை விஷயம் தவிர நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முதலாளிகள் இதற்கெல்லாம் பழகியிருப்பதில்லை.

"இங்கன பாருங்க," என்று விரலை வைத்தேன். "இந்த வரி."

"மை கூடிருச்சா முதலாளி?"

"மை இல்ல. என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"முதலாளி மேல தப்பு இருந்துச்சு. ஃபோர்மேன் மேல இல்ல. அப்படின்னு எழுதியிருக்கு."

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்து நேராக விழுந்திருக்கிறதா என்று ஓரம் பார்த்தார். வரியை வெகுநேரம் பார்த்தார்.

"பிரெஞ்சுலயா?"

"ஆமா."

"இத அன்னைக்கே தமிழ்ல ஒரு தடவ சொல்லியிருந்தா, ஒரு வரி டைப் அடிக்கிற வேல மிச்சம் முதலாளி."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேமரா எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை எல்லாரும் கேட்கத்தான் அவரை ஏலே என்றேன். அதனால் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த வரியைத் தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கட்டைவிரலால் தாளைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இன்னொரு பக்கம் அடிக்கணும்," என்று சொல்லி, அதைக் காய வேண்டிய அடுக்கில் வைத்துவிட்டு மெஷினைப் போடச் சொன்னார்.